படச்சுருளும் எண்ணிம உணரியும்: நுணுக்கம், வண்ணம் பற்றிய ஒரு மதிப்பீடு

படச்சுருளின் வண்ணம் இயற்கையானது, எண்ணிமப் படத்தின் வண்ணம் கணக்கிடப்பட்டது என்னும் கருத்து பாதியே உண்மையாகும். கோடக் நிறுவனத்தின் பிரைஸ் பேயர் 1976இல் காப்புரிமை பெற்ற வடிகட்டி அமைப்பில், உணரிப் புள்ளிகளுள் பாதி பச்சையையும், கால்பகுதி சிவப்பையும், கால்பகுதி நீலத்தையும் பதிகின்றன. ஒவ்வொரு புள்ளியிலும் எஞ்சிய இரு நிறங்கள் அண்டைப் புள்ளிகளைக் கொண்டு கணிக்கப்படுகின்றன. இதனால் நுண்ணிய நெசவுத் துணியின் படத்தில், துணியில் இல்லாத வண்ணக்கோடுகள் தோன்றக்கூடும். சுருளில் மூன்று நிற அடுக்குகள் ஒன்றன்மேல் ஒன்றாக அமைவதால் இக்குறை நேர்வதில்லை. எனினும் அதே நிறுவனம் 1935இல் அறிமுகப்படுத்திய கோடக்குரோம் சுருளின் வண்ணங்களும், உருத்துலக்கும்போது உருவாக்கப்பட்ட சாயங்களே. ஆகவே இரண்டும் ஆக்கப்பட்ட வண்ணங்களே. கோடக்குரோமில் அவ்வாக்கம் பெரிதும் உற்பத்தியாளரால் முன்னரே தீர்மானிக்கப்பட்டது. எண்ணிமத்தில் அது படமெடுத்த பின்னும் தொடர்கிறது. ஒளிப்படத்தைச் சான்றாகக் கொள்ளும் ஆய்வாளர் முதலில் கருதவேண்டிய வேறுபாடு இதுவே.