இருபத்தெட்டு டாலர் வீடும் ஒரு பூனையும்

அப்பா வீட்டுக்கடனை அடைத்து முடித்த அன்று பத்திரத்தை வாங்கிக்கொண்டு வந்து சாமி அலமாரியில் வைத்தார். இருபது வருஷக் கடன். அவர் அதை வாங்கியபோது நான் நாலாம் வகுப்பு. "இப்பதான்டா இது நம்ம வீடு" என்றார். அதற்குள் மாடியில் ரெண்டு இடத்தில் ஒழுக ஆரம்பித்திருந்தது. அந்த வாரம்தான் நான் 'வால்டன்' புத்தகத்தை முதல் முறையாக முழுசாகப் படித்தேன்.

முழுசாக என்று சொல்லக் காரணம் இருக்கிறது. ஹென்றி டேவிட் தோரோவின் இந்தப் புத்தகத்தை நம்மில் பலரும் துண்டு துண்டாகத்தான் தெரிந்து வைத்திருக்கிறோம். ஏரி, காடு, தனிமை, பறவைச் சத்தம், அதன் மேல் ஒரு மேற்கோள். ஆனால் 1854-இல் வெளிவந்த அந்தப் புத்தகத்தின் முதல் அத்தியாயத்துக்குப் பெயர் 'பொருளாதாரம்'. இருப்பதிலேயே நீளமான அத்தியாயமும் அதுதான். ஏரி வருவதற்கு முன்னால் வரவு செலவு வருகிறது. தோரோ கடனைப் பற்றிப் பேசத்தான் முதலில் உட்கார்ந்தார் என்பது என் வாசிப்பு.

நடந்தது இது. அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் கான்கார்ட் ஊர். 1845 மார்ச் கடைசியில் தோரோ ஒரு கோடரியை இரவல் வாங்கிக்கொண்டு வால்டன் ஏரிக்கரைக்குப் போகிறார். பைன் மரங்களை வெட்டி, செதுக்கி, உத்தரமும் தூணும் தானே செய்கிறார். மே மாதம் சட்டத்தைத் தூக்கி நிறுத்த நண்பர்கள் வருகிறார்கள். ஜூலை 4 அன்று குடிபோகிறார். பத்தடி அகலம், பதினைந்தடி நீளம். நம் கணக்கில் 150 சதுர அடி. ரெண்டு வருஷம், ரெண்டு மாதம், ரெண்டு நாள் அங்கே இருந்தார்.

அதற்கு அவர் கொடுக்கும் செலவுப் பட்டியல்தான் எனக்கு இந்தப் புத்தகத்தின் மிகச் சிறந்த பக்கம். பலகை 8 டாலர் 3½ சென்ட், பெரும்பாலும் பழைய பலகை. ஆயிரம் பழைய செங்கல் 4 டாலர். கண்ணாடியோடு ரெண்டு பழைய ஜன்னல் 2.43. ஆணி 3.90. சுண்ணாம்பு 2.40. சாந்தில் கலக்கும் மயிர் 31 சென்ட். தாழ்ப்பாள் 10 சென்ட். சாக்கட்டி 1 சென்ட். சுண்ணாம்பு விலை கூடுதல் என்று ஓரத்தில் அலுத்துக்கொள்கிறார். வண்டிக்கூலி 1.40, அதற்குப் பக்கத்தில், நிறைய சாமானைத் தானே முதுகில் சுமந்ததாகக் குறிப்பு. மொத்தம் 28 டாலர் 12½ சென்ட்.

அந்த அரை சென்ட்டைப் பாருங்க. கடனில்லாமல் வாழணும்னு சும்மா உபதேசம் பண்ணுகிறவர் அரை சென்ட் எழுத மாட்டார். பக்கத்து கேம்பிரிட்ஜில் கல்லூரி மாணவர் ஒருவர் இதைவிடக் கொஞ்சமே பெரிய அறைக்கு வருஷ வாடகையாக 30 டாலர் கொடுக்கிறார் என்று அடுத்துச் சொல்கிறார். அந்தப் பக்கத்தில் சராசரி வீட்டுக்கு 800 டாலர். நாளுக்கு ஒரு டாலர் கூலி வாங்குகிறவருக்கு அது பத்துப் பதினைந்து வருஷ உழைப்பு. ஊரில் அடமானம் இல்லாமல் நிலம் வைத்திருக்கும் விவசாயிகள் பன்னிரண்டு பேரைச் சொல்லுங்கள் என்று வரி மதிப்பீட்டாளர்களைக் கேட்டாராம். அவர்களால் உடனே சொல்ல முடியவில்லை. ஒரு பொருளின் விலை என்பது அதற்காக நாம் கொடுக்கும் ஆயுள் என்பதுதான் அவர் வாதம். அப்பாவின் பத்திரம் அலமாரியில் இருக்கும்போது இதைப் படித்தால் அடிவயிறு கலங்கத்தான் செய்கிறது.

கட்டும் சந்தோஷத்தை மொத்தமாகத் தச்சரிடம் ஏன் கொடுத்துவிடுகிறோம் என்றும் கேட்கிறார். குளிருக்கு முன்னால் புகைபோக்கி கட்டும் இடம் அருமை. பழைய செங்கலில் ஒட்டியிருந்த காரையைக் கரண்டியால் சுரண்டிச் சுரண்டி அடுக்குகிறார். வேலை அவ்வளவு நிதானம். காலையில் தரைமட்டத்தில் தொடங்கினால், ராத்திரி தலையணையாக வைத்துக்கொள்ளும் உயரம்தான் வந்திருக்கும். எந்தக் கொத்தனாரும் மேஸ்திரியும் இவரை ஒரு நாள்கூட வேலைக்கு வைத்திருக்க மாட்டார்கள். ஆனால் செய்கிறவன் முகத்தில் இருக்கும் திருப்தி வரிகளில் தெரிகிறது.

இனி பட்டியலில் இல்லாதது. தோரோவின் சொந்த உழைப்புக்குக் கூலி போடவில்லை. மரம், கல், மணல் மூன்றையும் அத்துமீறிக் குடியேறியவனின் உரிமையில் எடுத்துக்கொண்டதாக வேடிக்கையாகச் சொல்கிறார். நிலம் எமர்சனுடையது; எமர்சன் நண்பர். புறம்போக்கில் குடிசை போட்டவர் யாரும் இந்த வேடிக்கையை எழுத முடியாது. 'வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் பண்ணிப் பார்' என்பார்கள் நம் ஊரில். தோரோ முதலாவதை மட்டும் செய்தார். ஒற்றை ஆளுக்கு 150 சதுர அடி போதும்.

இவர் போலி, அம்மா வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டவர் என்று சிலர் எழுதுவார்கள். அந்தக் குற்றச்சாட்டில் எனக்கு ஆர்வமில்லை. என்னைத் தொந்தரவு செய்தது பலகைதான். 8 டாலர் 3½ சென்ட் பலகை.

அது ஜேம்ஸ் காலின்ஸ் என்ற ஐரிஷ்காரரின் குடிசையிலிருந்து வந்தது. ஃபிட்ச்பர்க் ரயில்பாதையில் வேலை பார்த்தவர். 4 டாலர் 25 சென்ட்டுக்குக் குடிசையையே விலை பேசுகிறார் தோரோ. உள்ளே போய்ப் பார்க்கிறார்: அங்கேயே பிறந்த கைக்குழந்தை, ஒரு பட்டுக் குடை, தங்கச் சட்டம் போட்ட கண்ணாடி, புது காபி அரைக்கும் யந்திரம். மறுநாள் காலை ஐந்து மணிக்குக் காலி செய்யணும், ஆறு மணிக்கு அது தோரோவுடையது. ஆறு மணிக்கு வழியில் அந்தக் குடும்பத்தைப் பார்க்கிறார். அவர்களுடைய எல்லாமே ஒரே பெரிய மூட்டையில். பூனை மட்டும் வரவில்லை. அது காட்டுக்குள் போய், பிறகு பொறியில் சிக்கிச் செத்தது என்று தெரிந்துகொள்கிறார். குடிசையைப் பிரித்து, பலகைகளைப் புல்லில் வெயிலுக்குப் போடுகிறார்.

கடனில்லாத வீடு என்று சொல்லப்படுவது இன்னொரு வீட்டைப் பிரித்துக் கட்டியது. காலின்ஸ் குடும்பம் எங்கே போனது என்று புத்தகத்தில் இல்லை. அந்த இடத்தில் தோரோவின் நடை மாறுவதைக் கவனியுங்கள். மறு பக்கத்து ஐரிஷ்காரர் ஆணி திருடுவதைச் சொல்லும்போது டிராய் நகரத் தெய்வங்கள் இடம்பெயர்ந்த கதையை இழுத்துச் சிரிக்கிறார். அவர் இவ்வளவு சத்தமாகச் சிரிப்பது, அங்கே நின்று பார்க்க முடியாததால் என்று எனக்குத் தோன்றுகிறது.

ஆனாலும் அவர்தானே எழுதியிருக்கிறார்? மறைத்திருக்கலாம். '8 டாலர் 3½ சென்ட்' என்று போட்டுவிட்டுப் போயிருந்தால் யாருக்குத் தெரியும்? குழந்தையை, குடையை, பூனையை எழுதினார். அவரை மறுத்துப் பேசத் தேவையான சாட்சியை அவரே கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். இந்தப் புத்தகம் என் மதிப்பில் உயர்ந்தது அங்கேதான்.

இன்னொரு சாட்சி 'பேக்கர் பண்ணை' அத்தியாயத்தில் வருகிறது. மழைக்கு ஒதுங்கும் குடிசையில் ஜான் ஃபீல்ட் என்ற இன்னொரு ஐரிஷ்காரர். ஏக்கருக்குப் பத்து டாலர் கூலிக்குச் சதுப்பு நிலத்தைக் கொத்திக் கொடுக்கிறவர். ஒழுகும் கூரை, மனைவி, பிள்ளைகள். டீ, காபி, இறைச்சி வேண்டாமென்று விட்டால் இவ்வளவு உழைக்க வேண்டாம், ஓரிரு மாதத்தில் உனக்கே ஒரு மாளிகை கட்டிக்கொள்ளலாம் என்று தோரோ அவருக்கு வகுப்பெடுக்கிறார். ஃபீல்ட் பெருமூச்சு விடுகிறார். மனைவி இடுப்பில் கைவைத்து முறைக்கிறாள். தொடங்க முதல் இருக்கிறதா, முடிக்கக் கணக்கு வருமா என்று அவர்கள் யோசிப்பதுபோல் இருந்தது என்கிறார் தோரோ.

அவர் அதைக் கேலியாகத்தான் எழுதினார். ஆனால் 'பொருளாதாரம்' அத்தியாயத்துக்கு வந்த ஒரே நேர்மையான விமர்சனம் அந்தப் பெருமூச்சு. தோரோவிடம் கணக்கு இருந்தது. முதலும் இருந்தது: நண்பரின் நிலம், இரவல் கோடரி, சட்டம் தூக்க வந்த கைகள், போய்த் திரும்பினால் ஏற்றுக்கொள்ளும் ஊர். அதற்கு அவர் பட்டியலில் வரி இல்லை.

லோன் இல்லாம, கான்ட்ராக்டர் இல்லாம வீடு கட்டினேன் என்று யாராவது சொன்னால் நான் இப்போது ரெண்டு கேள்வி கேட்கிறேன். நிலம் யாருடையது? கட்டின மாதங்களில் சோறு யார் போட்டது? மட்டம்தட்டக் கேட்கவில்லை. பதில் தெரிந்தால்தான் அந்த வீட்டிலிருந்து நான் கற்க ஏதாவது இருக்கும்.

தோரோ கிளம்பிய பின் அந்த வீடு வேறு இடத்துக்கு நகர்த்தப்பட்டு, தானியம் போடும் கொட்டகையாகி, கடைசியில் பிரிக்கப்பட்டது. காலின்ஸின் பலகைகள் ரெண்டாவது தடவையாகப் பிரிந்தன. 1945-இல் ரோலண்ட் ராபின்ஸ் தோண்டிப் பார்த்தபோது கிடைத்தது புகைபோக்கியின் அஸ்திவாரம். அவர் நிதானமாகக் கட்டிய அதே புகைபோக்கி.

அப்பாவிடம் இந்தக் கதையைச் சொன்னேன். 28 டாலரை விட்டுவிட்டார். "அந்தப் புள்ளக்குட்டிக்காரன் அப்புறம் எங்க போனான்?" என்று கேட்டார். தெரியாதுப்பா என்றேன்.