பேசாதிருக்கத் தெரிந்த பயிற்றுநர்

பணியிடப் பயிற்சி வகுப்பை ஒரு கலையாகக் கருதி, அதன் நயங்களையும் குறைகளையும் எடைபோட்டு ரசிக்கும் வழக்கம் நம்மிடையே இல்லாததற்கு நியாயமான காரணம் உண்டு. பெங்களூரின் எலக்ட்ரானிக் சிட்டியிலும் ஒயிட்ஃபீல்டிலும் நடக்கும் வகுப்புகளில் கணிசமானவை, குளிரூட்டிய அறையில் ஒருவர் திரையில் ஓடும் ஸ்லைடுகளை உரக்க வாசிப்பதும், எதிரே இருப்பவர்கள் மடிக்கணினியின் மறைவில் வேறு வேலை பார்ப்பதும், முடிவில் கருத்துப் படிவத்தில் ஐந்துக்கு நான்கு என்று மதிப்பெண் இட்டுக் கலைவதுமாகவே முடிகின்றன. ரசிப்பதற்கு அங்கே ஒன்றுமில்லை. ஆனால் அதே நகரின் தொழிற்கூடங்களிலும் தையல் ஆலைகளிலும், கணினித் துறையின் பார்வைக்கு எளிதில் அகப்படாத இடங்களில், இக்கலை நுட்பமாக வளர்ந்திருக்கிறது; அதைச் சுவைக்க விரும்புகிறவர் பயிற்றுநரின் நாவன்மையைக் கவனிப்பதை விட்டுவிட்டு, அவர் எந்த இடத்தில் பேச்சை நிறுத்திக் கற்பவரிடம் வேலையை ஒப்படைக்கிறார் என்பதைக் கவனிக்கத் தொடங்க வேண்டும்.

1940இல் ஹிந்துஸ்தான் ஏர்கிராஃப்ட், 1948இல் இந்தியன் டெலிபோன் இண்டஸ்ட்ரீஸ், 1953இல் எச்.எம்.டி., 1954இல் பாரத் எலக்ட்ரானிக்ஸ் என்று அடுத்தடுத்து எழுந்த ஆலைகளும், ஆடுகோடியில் நிலைகொண்ட மைக்கோவும் (இன்றைய பாஷ்) இந்நகரைத் தொழிலாளர்களின் ஊராக்கியபோது, கடைசல் இயந்திரத்தையும் மைக்ரோமீட்டரையும் முன்பின் தொட்டறியாத இளைஞர்களை ஆயிரக்கணக்கில் பழக்கியெடுக்க வேண்டியிருந்தது. தொழில் பழகுநர்களுக்கான அப்ரண்டிஸ் சட்டம் 1961இல் வந்ததற்கு முன்பே பழக்கும் முறைகள் வந்துவிட்டன. அவற்றுள் மிகக் கச்சிதமானது அமெரிக்காவில் பிறந்தது.

முதல் உலகப் போர்க்காலத்தில் கப்பல் கட்டும் தொழிலாளர்களுக்குப் பயிற்சியளித்த சார்லஸ் ஆலன் 1919இல் வெளியிட்ட நூலில், எந்தக் கைத்தொழிலையும் கற்பிக்க ஆயத்தம், விளக்கல், செய்துபார்த்தல், சோதித்தல் என நான்கு படிகளை வகுத்திருந்தார். இரண்டாம் உலகப் போரின்போது, அனுபவமுள்ள ஆட்கள் படைக்குச் சென்று புதியவர்கள் ஆலைகளுக்குள் நுழைந்த நெருக்கடியில், 1940இல் தொடங்கப்பட்ட ‘ட்ரெய்னிங் வித்தின் இண்டஸ்ட்ரி’ என்ற அரசுத் திட்டம் அந்த நான்கு படிகளை எடுத்துச் செதுக்கி, ‘ஜாப் இன்ஸ்ட்ரக்‌ஷன்’ என்னும் பயிற்சியாக, அதாவது கற்பிப்பவருக்கே கற்பிக்கும் பயிற்சியாக, மாற்றியது. பத்துப் பேர், ஐந்து அமர்வுகள், ஒவ்வொன்றும் இரண்டு மணி நேரம். மொத்தம் 10 மணி நேரத்தில் ஒரு மேற்பார்வையாளர் கற்பிக்கத் தெரிந்தவராக வெளியேற வேண்டும் என்பதே ஏற்பாடு. எந்த நிமிடத்தில் எதைச் சொல்வது என்பதுவரை கையேட்டில் எழுதியிருந்தது. சொந்தச் சரக்கைச் சேர்ப்பதற்குப் பயிற்றுநருக்கு அனுமதி இல்லை. இவ்வளவு கட்டுப்பாட்டுக்குள் கலைக்கு ஏது இடம் என்று தோன்றலாம். அந்த அமர்வுகளில் ஒன்றின் ஒரு பகுதியைக் கிட்ட நின்று பார்த்தால் ஐயம் தீரும்.

அங்கே கற்பிக்கப்படுவது ஓர் எளிய முடிச்சு. தொங்கு விளக்கின் இரட்டைக் கம்பியை யாரேனும் இழுத்தால், அந்த இழுப்பு மின் இணைப்பு முனைகளில் விழாதபடி தாங்குவதற்காக, விளக்குப் பிடிக்குள் மறைவாக இடப்படும் ‘அண்டர்ரைட்டர்ஸ் நாட்’ அது. பயிற்றுநர் ஒருவரை முன்னே அழைத்து, கம்பியைக் காட்டாமல், முடிச்சை எப்படிப் போடுவது என்று வாயால் மட்டும் துல்லியமாக விவரிக்கிறார்: முனைகளைப் பிரி, வலக்கம்பியை இப்படி வளை, இடக்கம்பியை அதன் பின்னால் கொண்டுபோ. விவரிப்பில் பிழை ஏதுமில்லை. ஆயினும் கேட்டவர் கம்பியைக் கையில் வாங்கியதும் திகைக்கிறார். அடுத்து இன்னொருவரை அழைத்து, எதிரே நின்றபடி, ஒரு சொல்கூடச் சொல்லாமல் முடிச்சைப் போட்டுக் காட்டுகிறார். எதிரே நிற்பவருக்கு வலம் இடமாகவும் இடம் வலமாகவும் தெரிவதால் அவரும் தடுமாறுகிறார். சொல்வதும் காட்டுவதும் தனித்தனியே தோற்றுப்போவதைச் சபை தன் கண்ணால் பார்த்த பிறகே, மூன்றாமவரைத் தன் பக்கத்தில், தான் பார்க்கும் கோணத்திலேயே நிற்கவைத்து, நான்கு படிகளின்படி கற்பிக்கத் தொடங்குகிறார். தம் முறையின் சிறப்பை அதுவரை ஒரு வாக்கியத்தால்கூட அவர் புகழ்ந்திருக்கவில்லை என்பதே இந்த நாடகத்தின் அழகு. தோல்விகள் இரண்டையும் திட்டமிட்டு அரங்கேற்றி, வந்தவர்களே முடிவுக்கு வரும்படி விட்டுவிடும் இந்தச் சிக்கனத்தை எந்த மேடைப் பேச்சாளரிடமும் எளிதில் காண முடியாது.

மூன்றாவது முறையில் நிகழ்வது இன்னும் நுட்பமானது. வேலையைப் பயிற்றுநர் முன்கூட்டியே ஒரு தாளில் பிரித்து வைத்திருக்கிறார்: ஒரு பக்கம் முக்கியப் படிகள், மறு பக்கம் ஒவ்வொரு படிக்கும் உரிய ‘கீ பாயின்ட்’. வேலை தேறுவதா கெடுவதா என்பதைத் தீர்மானிப்பது, செய்பவருக்குக் காயம் நேராமல் காப்பது, கைப்பழக்கத்தால் வேலையைச் சுளுவாக்குவது ஆகிய மூன்றில் ஒன்றாக இருந்தால் மட்டுமே ஒரு செய்தி கீ பாயின்ட் ஆகும். மற்றவை எவ்வளவு சுவையானவையாயினும் தாளில் ஏறா. தமக்குத் தெரிந்ததையெல்லாம் கொட்டிவிடத் துடிக்கும் வல்லுநருக்கு இந்தத் தாள் ஒரு கடிவாளம். முதல் முறை படிகளை மட்டும் சொல்லிச் செய்கிறார். மறுமுறை அதே வேலையை கீ பாயின்ட்களோடு செய்கிறார். பிறகு கம்பி கற்பவர் கைக்குப் போகிறது. கற்பவர் முதலில் பேசாமல் செய்கிறார், தவறு மட்டும் உடனே திருத்தப்படுகிறது. அதன்பின் செய்துகொண்டே, தாம் என்ன செய்கிறோம், அதில் எது முக்கியம் என்பதைத் தம் வாயால் சொல்ல வேண்டும். மிருதங்க ஆசிரியர் சொற்கட்டைத் தாளத்தோடு சொல்லவைத்து, வாயில் பிசகின்றி வந்த பிறகே தோலில் கை வைக்க விடும் வழக்கத்தை அறிந்தவர்களுக்கு இதன் நியாயம் எளிதில் விளங்கும். கை பழகிவிட்டதாகக் காட்டி ஏமாற்றலாம். வாய் காரணத்தையும் சேர்த்துச் சொல்லும்போது அந்த ஏமாற்றுக்கு வழியில்லை. கற்பவர் கற்கவில்லையென்றால் அந்தப் பழி கற்பித்தவருடையது என்று இத்திட்டம் பயிற்றுநருக்குத் தரும் சட்டைப்பை அட்டை தீர்ப்பளித்துவிடுவதால், பயிற்றுநருக்கும் தப்பிக்க இடமில்லை.

போர் முடிந்ததும் அமெரிக்க ஆலைகள் இம்முறையை ஏறத்தாழ மறந்துவிட்டன. பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் வழியாக 1950களில் இது இந்தியாவுக்கும் வந்தது. ஆனால் அதை உயிராகப் பற்றிக்கொண்டது ஜப்பான், குறிப்பாக டொயோட்டா. பெங்களூரிலிருந்து மைசூரு செல்லும் சாலையிலுள்ள பிடதியில் 1999இன் இறுதியில் டொயோட்டா கிர்லோஸ்கர் ஆலை க்வாலிஸ் வண்டியை உற்பத்தி செய்யத் தொடங்கியபோது, அமெரிக்கக் கப்பல் தளத்தில் தொடங்கிய அந்த நான்கு படிகளும் ஜப்பான் சுற்றிக் கர்நாடகத்துக்கு வந்து சேர்ந்தன என்று சொல்லலாம். 2007இல் அதே வளாகத்தில் திறக்கப்பட்ட டொயோட்டா தொழில்நுட்பப் பயிற்சி நிலையம், பத்தாம் வகுப்பு முடித்த, வசதி குறைந்த கிராமப்புற மாணவர்களை மூன்றாண்டுகள் தங்கவைத்து வெல்டிங், பெயின்ட், அசெம்ப்ளி, மெகட்ரானிக்ஸ் ஆகிய பிரிவுகளில் பழக்குகிறது. டொயோட்டா ஆலைகளில் வழங்கும் ‘டோஜோ’ முறையில் (தற்காப்புக் கலைக்கூடத்துக்குரிய ஜப்பானியப் பெயர் இது, உற்பத்தி வரிசைக்கு வெளியே அமைந்த பயிற்சித் தளத்தைக் குறிக்கிறது) புதியவர் காரைத் தொடுவதற்கு முன் போல்ட்டுகளைத் தொடுகிறார். பார்க்காமலேயே கைநிறைய அள்ளாமல் வேண்டிய எண்ணிக்கையில் எடுப்பது, அவற்றை விரலால் உருட்டி நுனிக்குக் கொண்டுவருவது, கருவியைச் செங்குத்தாகப் பிடித்து முறுக்குவது என்று, ஓடும் வரிசையில் நொடிப்பொழுதில் கரைந்துபோகும் அசைவுகள் இங்கே தனித்தனியே எடுத்து நிறுத்தப்படுகின்றன. தவறினால் கெடுவதற்குக் கார் இல்லை. அச்சமில்லாமல் தவறு செய்ய ஓர் இடத்தை ஒதுக்கிக் கொடுத்ததுதான் டோஜோவின் பெரிய கொடை.

கணினி அலுவலகங்களின் வகுப்பறைகளுக்கு முடிச்சும் போல்ட்டும் எதற்கு என்ற கேள்வி எழலாம். உளவியலாளர்கள் ரோடிகரும் கார்ப்பிக்கும் 2006இல் வெளியிட்ட சோதனையில், ஒரு பாடத்தைத் திரும்பத் திரும்பப் படித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்து நன்றாக நினைவுகூர்ந்தார்கள். ஒரு முறை படித்துவிட்டு, மூடிவைத்து நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்கள் ஒரு வாரம் கழித்து அவர்களை முந்தினார்கள். வகுப்பு முடிந்த கையோடு வாங்கப்படும் கருத்துப் படிவம் இந்த ஐந்து நிமிட இனிமையைத்தான் அளக்கிறது. பயிற்சியின் பலனை மனநிறைவு, கற்றல், நடத்தை, விளைவு என நான்கு தளங்களில் அளக்க வேண்டும் என்று 1959இல் டொனால்ட் கிர்க்பேட்ரிக் எழுதியதை மனிதவளத் துறையினர் அனைவரும் அறிவர். அறிந்தும் முதல் தளத்திலேயே கூடாரம் அடித்துவிடுகிறார்கள், அது மலிவானது என்பதால்.

நான்காம் தளம்வரை ஏறிப் பார்த்த அரிதான முயற்சி ஒன்று பெங்களூரிலேயே நிகழ்ந்தது. அமெரிக்க ஆடை நிறுவனமான கேப், தையல் ஆலைப் பெண்களுக்காக 2007இல் தொடங்கிய ‘பேஸ்’ என்னும் திட்டம், ஊசியையும் மெஷினையும் பற்றியதன்று. பேசுவது, சிக்கலைத் தீர்ப்பது, நேரத்தையும் மன அழுத்தத்தையும் கையாள்வது, பணம், உடல்நலம், சட்ட உரிமைகள் ஆகியவற்றைக் கலந்துரையாடலும் நடித்துப் பார்த்தலுமாக வாரம் இரண்டு மணி நேரம் பழக்குவது. ஷாஹி எக்ஸ்போர்ட்ஸின் ஐந்து பெங்களூரு ஆலைகளில் 2013, 2014ஆம் ஆண்டுகளில் இது நடந்தபோது, சேர விரும்பியவர்கள் இடங்களைவிட அதிகமாக இருந்ததால் சீட்டுக் குலுக்கி ஆட்களைத் தேர்ந்தெடுத்தார்கள். அதன் பலனாக, பொருளியலாளர்கள் அச்யுதா அத்வர்யு, நம்ரதா கலா, அனந்த் நிஷாதம் ஆகியோருக்கு, சீட்டு விழுந்தவர்களையும் விழாதவர்களையும் ஒப்பிடும் ஒரு நேர்மையான அளவுகோல் கிடைத்தது.

ஒரு லைனில் சட்டையின் காலரும் கையும் பண்டல் பண்டலாக ஒருவரிடமிருந்து அடுத்தவருக்குப் போய்க்கொண்டிருக்க, இயந்திர இரைச்சலுக்கு நடுவே நாள் முழுதும் குனிந்திருக்கும் டெய்லருக்கு, நூல் அறுந்துகொண்டே இருக்கிறது என்பதையோ பண்டல் வரவில்லை என்பதையோ சூப்பர்வைசரிடம் தயங்காமல் சொல்ல வருவது சிறு காரியமல்ல. கன்னடமும் தமிழும் தெலுங்கும் இந்தியும் கலந்து ஒலிக்கும் அத்தகைய தளத்தில், வட்டமாக உட்கார்ந்து ஒருத்தி சூப்பர்வைசராகவும் மற்றொருத்தி டெய்லராகவும் பேசிப் பார்க்கும் வகுப்பில், நல்ல பயிற்றுநரின் கைவண்ணம் தெரியும் இடம் ஒன்றுண்டு: கேள்வி கேட்டுவிட்டு, விடை வராத அந்தச் சங்கடமான நொடிகளைத் தானே நிரப்பாமல் பொறுத்திருப்பது. அவர் பொறுக்காமல் விடையைச் சொல்லிவிட்டால் வகுப்பு பழையபடி சொற்பொழிவாகிவிடும். பொறுத்தால் பின்வரிசையிலிருந்து ஒரு குரல் வரும், அதைத் தொடர்ந்து இன்னொன்று வரும்.

ஆய்வின் முடிவுகள் 2023இல் ‘ஜர்னல் ஆஃப் பொலிட்டிகல் எகானமி’ இதழில் வெளியாயின. பயிற்சி பெற்ற பெண்களின் உற்பத்தித் திறன் கூடியிருந்தது; அவர்களோடு ஒரே லைனில் வேலை பார்த்த, பயிற்சி பெறாத பெண்களிடமும் முன்னேற்றம் தென்பட்டது; பயிற்சி பெற்றவர்கள் மேற்கொண்டு தொழில்நுட்பப் பயிற்சியையும் நாடினார்கள்; நிறுவனத்துக்குச் செலவைப் போல் இரு மடங்குக்கும் மேற்பட்ட நிகர வருவாய் கிடைத்தது. ஓராண்டுக் கால வகுப்புக்கு இதைவிடப் பெரிய பாராட்டு இருக்க முடியாது. ஆனால் ரசிகர் அதே அறிக்கையின் இன்னொரு வரியையும் வாசித்தாக வேண்டும்: ஊதியம் மிகச் சொற்பமாகவே உயர்ந்தது. வாரத்தின் இரண்டு மணி நேரத்தில் ஒன்று ஆலை விட்டுக்கொடுத்தது, மற்றொன்று அந்தப் பெண்கள் சொந்த நேரத்திலிருந்து கொடுத்தது. ஆலை கொடுத்த மணிக்குப் பலன் கணக்கேட்டில் ஏறியது. பெண்கள் கொடுத்த மணிக்கு ஈடானது, ஆய்வு அளந்த காலத்துக்குள், சம்பளச் சீட்டில் வந்து சேரவில்லை.