தழுவற்படமும் தோட்டத்துப் பார்வையாளரும்: ‘அவ்வை சண்முகி’ குறித்த கருத்துகள் – ஒரு மதிப்பீடு

முன்னுரை

அயல்மொழித் திரைப்படம் ஒன்று தமிழில் தழுவப்படும்போது, திறனாய்வாளர் அதனை மூலப்படத்தோடு ஒப்பிட்டு மதிப்பிடுவர். பொதுப் பார்வையாளரோ தம் வாழ்க்கையோடு ஒப்பிட்டு மதிப்பிடுவர். இவ்விரண்டனுள் முன்னதே ஆய்வுலகில் பெரிதும் பேசப்படுகின்றது. பின்னதும் திறனாய்வே என்பதை எடுத்துக்காட்டுவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இதற்கு ‘அவ்வை சண்முகி’ (1996) சான்றாகக் கொள்ளப்படுகின்றது. கோலசிலாங்கூர், ஈஜோக், 2007இல் பெஸ்தாரி ஜெயா எனப் பெயர் மாற்றம் பெற்ற பத்தாங் பெர்ஜுந்தை ஆகிய வட்டாரங்களின் தோட்டங்களில் வாழ்ந்தோரும் அங்கிருந்து இடம்பெயர்ந்தோரும் இப்படத்தைப் பற்றி உரையாடலில் வெளியிடும் கருத்துகளே இங்கு ஆராயப்படுகின்றன. இஃது எண்ணிக்கை சார்ந்த ஆய்வன்று. கருத்துகளின் உட்பொருளை நோக்கும் முயற்சியே ஆகும்.

மூலமும் வழியும்

1993இல் ராபின் வில்லியம்ஸ் நடிப்பில் வெளிவந்த ‘மிசஸ் டவுட்ஃபயர்’ என்னும் அமெரிக்கப் படத்தைத் தழுவியது ‘அவ்வை சண்முகி’. கே. எஸ். ரவிக்குமார் இயக்க, கிரேசி மோகன் உரையாடல் எழுதினார். மணமுறிவுக்குப் பின் தன் குழந்தையைக் காண ஏங்கும் தந்தை, பெண்வேடம் பூண்டு அவ்வீட்டிலேயே பணிக்குச் சேர்வது இரண்டிற்கும் பொதுவான கதைக்கரு. மூலத்தில் பிள்ளைகள் மூவர். தமிழில் ஒரே மகள். மூலத்தில் பணிப்பெண் பிரித்தானிய மூதாட்டி. தமிழில் பிராமணக் குல மாமி.

தழுவல் நமக்குப் புதியதன்று. தொல்காப்பிய மரபியல் வழிநூலைத் தொகுத்தல், விரித்தல், தொகைவிரி, மொழிபெயர்ப்பு என நால்வகைப்படுத்துகின்றது. வான்மீகத்தில் இராவணன் சீதையைப் பற்றித் தூக்கிச் செல்ல, கம்பர் அவளைப் பர்ணசாலையோடு நிலத்தைப் பெயர்த்து எடுத்துச் செல்வதாக மாற்றினார். தம் மக்களின் மனவுணர்வை அறிந்து செய்த மாற்றம் அது. ஆகவே, தழுவலில் எழவேண்டிய வினா, மாற்றம் செய்யலாமா என்பதன்று. யாருடைய மனவுணர்வுக்கு ஏற்ப மாற்றம் செய்யப்பட்டது என்பதே.

ஆயாவும் மாமியும்

தோட்டத்து மூத்த பார்வையாளர் பலருக்கு இப்படத்திற்கு ஆங்கில மூலம் உண்டென்பதே தெரியாது. அவர்களைப் பொறுத்தவரை இது முழுக்க முழுக்கத் தமிழ்ப்படம். பாண்டியனுக்குத் துணைநிற்கும் பாஷாவும் ஜோசப்பும் அவர்களுக்கு எளிதில் நெருக்கமாகின்றனர். வெவ்வேறு சமயத்தார் அடுத்தடுத்து வாழ்ந்த இடத்தில் இத்தகைய நட்பு வியப்புக்குரியதன்று.

சண்முகி மாமியிடத்திலோ இந்நெருக்கம் காணப்படவில்லை. அவரைக் கண்டு எல்லாரும் சிரிக்கின்றனர். ஆனால் தமக்கு அறிமுகமானவராகக் கொள்வதில்லை. காரணம் வெளிப்படை. மலாயாத் தோட்டங்களுக்கு வந்தோருள் மிகப் பெரும்பாலோர் பிராமணரல்லாத உழைக்கும் மக்கள். மடிசாரும் மாமியின் பேச்சுவழக்கும் அவர்களுக்குத் திரைவழி அறிந்தவையே. பத்தாங் பெர்ஜுந்தையை அடுத்த தென்னமரம் தோட்டம், 1917இல் இந்நாட்டில் முதன்முதலாக வணிக நோக்கில் செம்பனை பயிரிடப்பட்ட இடமாகும். அத்தோட்டத்தின் பெயர் தமிழ். ஆயினும் அங்கு உருவான தமிழ்வாழ்வு சென்னையின் அக்கிரகார வாழ்வன்று.

குழந்தை பேணும் முதிய பெண் என்றவுடன் தோட்டத்தார் நினைவுக்கு வருபவர் ஆயா. விடியுமுன் பெரட்டுக்குச் சென்று, பின் பால்மரம் வெட்டப் போகும் தாய்மார் தம் பிள்ளைகளை ஆயாக் கொட்டகையில் விட்டுச் செல்வர். அங்கே ஒரு வீட்டுக் குழந்தைக்கு ஒரு பணிப்பெண் என்பதில்லை. பல வீட்டுக் குழந்தைகளுக்கு ஓர் ஆயா. செல்வர் வீட்டில் ஒரே மகளைப் பேண ஒருத்தியை அமர்த்தும் கதை, தமிழில் சொல்லப்பட்டாலும், இவர்கள் வாழ்வுக்கு எட்டியே நிற்கின்றது. அமெரிக்கக் கதை சென்னைக்கு உள்ளூர்க் கதையாயிற்று, ஈஜோக்கிற்கு ஆகவில்லை.

முடிவு பற்றிய கருத்து வேறுபாடு

கருத்துகள் மிகுதியும் பிளவுபடும் இடம் படத்தின் முடிவாகும். மூலத்தில் பிரிந்த கணவனும் மனைவியும் மீண்டும் இணைவதில்லை. தந்தை பிள்ளைகளைக் காண மனைவி இசைகின்றாள். பெற்றோர் பிரிந்தாலும் அன்பு குறையாது என்னும் ஆறுதலோடு படம் முடிகின்றது. தமிழில் ஜானகி தன் உயிரை மாய்த்துக்கொள்ள முயல, சண்முகி வேடத்திலிருக்கும் பாண்டியன் அவளைக் காப்பாற்றுகின்றான். உண்மை வெளிப்பட்டுக் குடும்பம் ஒன்றிணைகின்றது.

இதுவே தமிழ்ப்பண்பாட்டிற்கு ஏற்ற முடிவெனப் பாராட்டுவோர் உளர். ஆங்கிலப் படத்தையும் பார்த்த இளையோர் சிலர், மூலத்தின் முடிவே நேர்மையானது என்பர். இவ்விரு சாராரினும் கூர்ந்து கருதத்தக்கவர், கூலி ஈட்டித் தனியே பிள்ளைகளை வளர்த்த பெண்கள். அவர்கள் இணைப்பை வெறுக்கவில்லை. பிரிந்து செல்லத் துணிந்தவள் மீண்டும் சேர்வதற்குச் சாவின் விளிம்புவரை செல்லவேண்டுமா என்பதே அவர்கள் எழுப்பும் வினா. ஏமாற்றியவன் கணவன்; தண்டனை பெறுபவள் மனைவி என்பது அவர்தம் தீர்ப்பு.

இத்தீர்ப்பு படத்தின் மையக் குறையைச் சரியாகச் சுட்டுகின்றது. வேடம் தரித்தலால் தந்தை என்ன கற்றான் என்பதை மூலம் கேட்கின்றது. தமிழ்ப்படமோ அவ்வினாவை முழுமையாக எழவிடாமல், மனைவியின் மனமாற்றத்தால் கதையை முடிக்கின்றது. நகைச்சுவையில் இத்துணை வளம் காட்டிய தழுவல், முடிவில் பழைய குடும்பக் கதையின் பாதைக்கே திரும்பிவிடுகின்றது.

முடிவுரை

தமிழ்ப்பண்பாட்டிற்கு ஏற்ப மாற்றப்பட்டது என்னும் தொடரை நாம் வகுப்பறையில் எளிதாகக் கையாளுகின்றோம். அப்பண்பாடு எவ்வூர்த் தமிழருடையது, எவ்வகுப்பினருடையது எனக் கேட்பதில்லை. சென்னையின் நடுத்தர, மேல்தட்டுக் குடும்பத்தை அளவுகோலாக்கினால், தாயின் கூலியாலும் ஆயாவின் பராமரிப்பாலும் வளர்ந்த தலைமுறை தன் குடும்பத்தைக் குறையுடையதாகவே கருத நேரிடும்.

தோட்ட வாழ்வைத் தன் கதைக்களமாகக் கொண்ட தீபக் குமாரன் மேனனின் ‘செம்மண் சாலை’ (2005), தோட்டத்திலிருந்து பெயர்ந்த குடும்பத்தைச் சித்திரித்து 2016இல் சிறந்த மலேசியத் திரைப்பட விருது பெற்ற சஞ்சய் குமார் பெருமாளின் ‘ஜகாட்’ ஆகியவை இவ்வளவுகோலை மாற்றத் தொடங்கிய முயற்சிகள். அவற்றோடு இணைத்துத் தழுவற்படங்களையும் மாணவர்க்குக் கற்பித்தல் தகும். அப்போது ‘அவ்வை சண்முகி’யின் நகைச்சுவையை மாணவர் இழக்கப்போவதில்லை, ஜானகியின் சார்பில் தம் பாட்டிமார் எழுப்பிய வினாவும் அவர்களுக்குக் கிட்டும்.