ஆற்றுப்படுகை இசையும் யாழ்ப்பாணத்துத் தவிலும்

மாதவியின் அரங்கேற்றத்தைக் கூறப் புகுந்த இளங்கோவடிகள் அவளுடைய ஆடலை உடனே காட்டினாரல்லர். ஐந்தாம் வயதிலே தொடங்கி ஏழாண்டு பயின்று பன்னிரண்டாம் வயதிலே அவள் அரங்கேறினாள் எனப் பயிற்சியின் காலத்தை முதலிற் கூறினார். அதன்பின் ஆடலாசிரியன், இசையாசிரியன், கவிஞன், தண்ணுமையாசிரியன், குழலாசிரியன், யாழாசிரியன் என்னும் அறுவருடைய தகுதிகளையும் ஒவ்வொன்றாக வகுத்துரைத்தார். அரங்கின் அமைப்பையுங் கூறி முடித்த பின்னரே மாதவி அவைமுன் தோன்றுகின்றாள். கலைஞர் ஒருவரை மதிப்பிடப் புகுவார்க்கு இதனினுஞ் சிறந்த வழிகாட்டி வேறில்லை. கற்பித்தவனைக் கூறாது கற்றவனைக் கூறுதல் முழுமையான புகழுரையன்று என்பது அரங்கேற்று காதை நமக்கு உணர்த்தும் உண்மையாகும்.

இவ்வுண்மையை நாம் மறந்துவிட்டோமோ என ஐயுறுவதற்கு இடமுண்டு. யாழ்ப்பாணத்துத் தவில் மேதை தட்சிணாமூர்த்தியைப் பற்றிப் பேசுவோர் அவரை அவதாரம் என்பர். தெய்வ அருள் பெற்றவர் என்பர். உலக அதிசயம் என்பர். அன்பினால் எழுந்த சொற்களாதலின் அவற்றைக் குறைகூற ஒருவருந் துணியார். ஆயினும், வியப்பு வேறு, திறனாய்வு வேறு. வியப்பு, கலைஞனை அவன் மரபினின்றும் பிரித்துத் தனியே உயரத்தில் நிறுத்துகின்றது. திறனாய்வு, அவன் எதைப் பெற்றான், பெற்றதனை என்செய்தான், பிறர்க்கு எதைக் கொடுத்துச் சென்றான் என வினாவுகின்றது. இம் மூன்று வினாக்களுக்கும் விடை காணாதவிடத்து, புகழ் நிற்கும், வரலாறு அழியும்.

புகழ் வரலாற்றை மறைக்கும் இந்நிலை தமிழுலகிற்கு மாத்திரம் உரியதன்று. அமெரிக்க நாட்டின் தென்பகுதியிலே மிசிசிப்பி ஆற்றுக்கும் யாசூ ஆற்றுக்கும் இடைப்பட்ட வண்டல் நிலம் ‘டெல்ற்றா’ எனப்படும். அடிமைமுறை 1865 இல் ஒழிந்த பின்னரும், அந்நிலத்துப் பருத்தித் தோட்டங்களில் வாரத்துக்கு உழைத்துக் கடனிலே மூழ்கிய கறுப்பின மக்களிடையே, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலே, ‘புளூஸ்’ என்னும் பாடன்மரபு உருப்பெற்றது. ஒற்றைக் குரலும் ஒற்றைக் கிற்றாருமே அதற்குரிய கருவிகள். டொக்கரி தோட்டத்தோடு தொடர்புடைய சாளி பற்றன், அவர் காலத்தவரான சன் ஹவுஸ், அவர்களுக்கு இளையவரான றொபேட் ஜோன்சன் ஆகியோர் அம்மரபின் முதல்வருள் வைத்தெண்ணப்படுபவர். அவ்வினத்துத் தேவாலயத்தாருட் பலர் அப்பாடல்களைப் பேயின் இசை என்று ஒதுக்கினர்.

ஜோன்சன் 1938 இல் இருபத்தேழு வயதிலே இறந்தார். 1936, 1937 ஆகிய ஈராண்டுகளிற் பதிவான இருபத்தொன்பது பாடல்களே அவர் விட்டுச்சென்ற செல்வம். அவரைக் குறித்துப் பரவிய கதையோ பெரிது. நள்ளிரவிலே நாற்சந்தியொன்றிற் பேய்க்குத் தம் ஆன்மாவை விற்று அவர் கிற்றார் வித்தையைப் பெற்றாராம்! முதலிலே செம்மையாக வாசிக்க அறியாத இளைஞர், சிறிது காலம் ஊரைவிட்டகன்று மீண்டபொழுது மூத்தோரும் மலைக்க வாசித்தார் என்று சன் ஹவுஸ் கூறிய செய்தி இக்கதைக்கு உரமாயிற்று. ஆராய்ந்தோர் கண்டது வேறு. அவ்விடைக்காலத்திலே ஐக் சிம்மர்மன் என்னும் மூத்த கலைஞர் ஒருவரிடம் இருந்து அவர் பயின்றார். பேயின் பெயரை உலகம் அறிந்தது. ஆசிரியரின் பெயரை அறியவில்லை. நம்மவர் தெய்வத்தின் மேலேற்றுவதனை அந்நாட்டார் பேயின் மேலேற்றினர். இரண்டிடத்தும் மறைந்தது ஆசிரியனின் உழைப்பே.

நமது தவிலுக்கும் ஓர் ஆற்றுப்படுகை உண்டு. அது காவிரி பாயும் சோழநாடு. பெரியமேளம் எனப்படும் நாதஸ்வர தவில் இசை செழித்த ஊர்களின் பெயர்களே அந்நிலத்தின் படத்தை வரைந்து காட்டும். திருவாவடுதுறை, நாச்சியார்கோயில், நீடாமங்கலம், நரசிங்கம்பேட்டை என்பன அவற்றுட் சில. ஆச்சா மரத்திலே நாதஸ்வரங் கடைதற்கு நரசிங்கம்பேட்டை பேர்பெற்றது. நாதஸ்வரத்தின் உயிரெனத்தகும் சீவாளி, காவிரிக் கரையில் வளரும் நாணலைப் பதப்படுத்திச் செய்யப்படுவது. ஆதலின் இவ்விசை அந்நிலத்திலே பிறந்தது மாத்திரமன்று, அந்நிலத்தினாலேயே ஆக்கப்பட்டதுமாகும்.

அவ்விசை கடல்கடந்து யாழ்ப்பாணத்தை அடைந்தது. ஆறில்லாத இக் குடாநாட்டிலே கிணற்று நீரை நம்பிப் புகையிலையும் வெங்காயமும் பயிரிட்டு வாழ்ந்த மக்கள், கோயிற் றிருவிழாக்களுக்குக் காவிரிக் கரையிலிருந்து மேளகாரரை வருவித்தனர். முன்னாளிலே பாய்க்கப்பல்களும், 1914 முதல் 1964 இற் புயல் அழிக்கும்வரை தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையில் ஓடிய கப்பலும் அப்போக்குவரவிற்கு உதவின. திருவிழா முடிந்து மீண்டவர் பலர். இங்கேயே தங்கிக் குடியானவர் சிலர். இணுவில், அளவெட்டி, மாவிட்டபுரம் முதலிய ஊர்களிலே மேளகாரர் குடும்பங்கள் தழைத்தன. இசைத்தட்டும் வானொலியும் வந்தபின்னர் திருவாவடுதுறை இராஜரத்தினம்பிள்ளையின் தோடி, கோயில் வீதிக்கு அப்பாலும் ஒலித்தது.

பெற்றதனை யாழ்ப்பாணம் பெற்றவாறே வைத்திருக்கவில்லை. இங்கேதான் மரபின் வளர்ச்சியைக் காண்கின்றோம். திருவிழாவின் ஒவ்வொரு நாளும் ஓர் உபயகாரருடையது. தம் உபயம் மற்றையோர் உபயத்திற் குறைந்ததாகாதென்னும் வீம்பு, சோடனையிலும் வாணத்திலும் வெளிப்பட்டதுபோல மேளத்திலும் வெளிப்பட்டது. ஒரு கூட்டம் போதாதெனப் பல கூட்டங்கள் அழைக்கப்பட்டன. வித்துவான்கள் எதிரெதிர் அமர்ந்து விடியும்வரை வாசிக்கும் ‘சமா’ உண்டாயிற்று. வீம்பினால் விளைந்த நன்மை இது. சுவாமி வீதியில் நிற்க, ஆயிரக்கணக்கான மக்கள் மணலிலிருந்து கேட்டனர். அவர்களுட் பெரும்பாலார் சங்கீத இலக்கணங் கற்றவரல்லர். ஆயினும், தாளம் தப்பாது கைபோடவும், கணக்குச் சமத்தில் வந்து விழும்பொழுது தலையசைக்கவும் அறிந்திருந்தனர். அத்தகைய அவையோர் முன்னே தவில், நாதஸ்வரத்துக்குப் பக்கவாத்தியமாக அடங்கியிருந்த நிலையைக் கடந்து, நாதஸ்வரத்தோடு ஒப்ப நின்று கேட்கப்படும் வாத்தியமாக உயர்ந்தது.

தவிலின் இயல்பை அறிந்தோர்க்கு இவ்வுயர்ச்சியின் அருமை விளங்கும். இடப்பக்கத் தொப்பியைக் கழி தாக்குகின்றது. வலந்தலையைக் கூடுகள் அணிந்த விரல்கள் தாக்குகின்றன. ஒரு கை மரத்தாலும் மறு கை விரலாலும் பேசுதலின், இரண்டின் வன்மையும் ஒத்து நிற்றல் எளிதன்று. கழி மேலோங்கின் ஓசை இரைச்சலாகும். விரல் மேலோங்கின் அடித்தளம் நெகிழும். சொற்கட்டுகளை முதலில் வாயாற் சொல்லி மனத்திற் பதித்து, பின்னர்க் கைக்குக் கொணர்ந்து, விளம்ப காலத்திலே பல்லாண்டு சாதகஞ் செய்தவர்க்கே துரித காலத்திலுஞ் சொற்கள் தெளிவாக வரும். இதனை ஏட்டிற் படித்து அறியலாகாது. ஆசிரியனுக்கு எதிரேயிருந்து, அவன் கையைக் கண்டும் அவன் சொல்லைக் கேட்டுமே பெறல் வேண்டும்.

தட்சிணாமூர்த்தி 1933 இல் இணுவிலிலே தோன்றியவர். தந்தையார் விசுவலிங்கம் தவில் வித்துவான்; ஆதலின் குழந்தைப் பருவத்திலேயே சொற்கட்டு அவர் செவியிற் புகுந்தது. பின்னர்த் தமிழகஞ் சென்று, நீடாமங்கலம் மீனாட்சிசுந்தரம்பிள்ளையின் வழியில் நின்ற நாச்சியார்கோயில் இராகவபிள்ளையிடம் பயின்றார். அளவெட்டி அவர் வாழிடமாயிற்று. இவ்வரலாற்றைச் சிறிது நோக்குக. இணுவில் அவருக்குச் செவியைக் கொடுத்தது. சோழநாடு கையைக் கொடுத்தது. குடாநாட்டின் சமா, அக்கைக்குக் களத்தைக் கொடுத்தது. இம் மூன்றனுள் ஒன்று குறைந்திருப்பினும் நாம் அறிந்த தட்சிணாமூர்த்தி தோன்றியிருப்பாரா என்பது ஐயமே.

அவ்வாறாயின், அதே ஆசிரியரிடம் பயின்ற பிறரெல்லாம் தட்சிணாமூர்த்தி ஆகாதது ஏன் என வினவுவாருளர். வினா நேரியதே. மேதைமை என்பதொன்று இல்லையென இங்கே வாதிடப்படவில்லை. மேதைமையை அறிதற்கும் மரபறிவு வேண்டும் என்பதே கருத்து. வேகம் அவர்க்கு முன்னரும் பலரிடத்து இருந்தது. அவ்வேகத்தினுள்ளே ஒவ்வொரு சொல்லும் தனித்தனி கேட்கும் தெளிவும், கடினமான கணக்கையும் முன்னரே கட்டிவைத்ததுபோலன்றி அவ்விடத்திலேயே மலர்ந்ததுபோல வெளியிடும் ஆற்றலுமே அவரைத் தனித்துக் காட்டுவன. எஞ்சியுள்ள ஒலிப்பதிவுகளைக் கேட்போர் இதனை இன்றும் உணரலாம். முன்னோர் வாசித்த முறையை அறிந்தவனுக்கே அவர் எவ்விடத்தில் முன்னோரைக் கடக்கின்றார் என்பது புலனாகும். அறியாதவனுக்கு எல்லாம் வேகமே, எல்லாம் அதிசயமே.

இனி, கொடுத்துச் சென்றது யாது என்னும் வினாவை நோக்குவோம். அவர் யாழ்ப்பாணத்தோடு அமைந்தாரல்லர். தமிழகத்து மேடைகளிலும் வாசித்து, தவில் பிறந்த நிலத்தாராலேயே போற்றப்பட்டார். காவிரிக் கரையிற் கடன்வாங்கிய குடாநாடு அக்கடனை வட்டியோடு திருப்பிக் கொடுத்தது எனலாம். அவர் வாழ்வைக் குறித்து அம்ஷன் குமார் ஆக்கிய ஆவணப்படம் 2015 ஆம் ஆண்டுக்கான இந்திய தேசிய விருதைப் பெற்றமை இதற்கு ஒரு சான்று. மிசிசிப்பி இசையும் இவ்வாறே திரும்பி வந்ததுண்டு. 1941 இல் அலன் லோமக்ஸ் என்னும் ஆய்வாளர் ஒரு தோட்டத்திலே மடி வாட்டர்ஸ் என்பவரின் பாடலைப் பதிவுசெய்தார். ஈராண்டின் பின் அவர் சிக்காகோ நகரஞ் சென்று, நகர ஆரவாரத்துக்கேற்ப மின்கிற்றாரைக் கைக்கொண்டார். 1962 இல் இலண்டனிலே தொடங்கிய றோலிங் ஸ்ரோன்ஸ் குழுவினர் தம் பெயரையே அவருடைய பாடலொன்றிலிருந்து எடுத்தனர். அமெரிக்க இளைஞர் பலர் தம் நாட்டு இசையின் பெருமையை அவ்வாங்கிலேயர் வாயிலாகவே அறிந்தனர். அயலார் போற்றிய பின்னரே அயலிலுள்ள செல்வத்தை அறிதல் எந்நாட்டார்க்கும் பொதுவான குறைபோலும்.

இவ்விடத்திற் கூறாது விடத்தகாத ஒன்றுண்டு. இரு மரபினரும் இசையாற் போற்றப்பட்டுப் பிறப்பால் ஒதுக்கப்பட்டவர்கள். இராஜரத்தினம்பிள்ளை ஒத்துக்குப் பதிலாகத் தம்புராவைக் கொண்டதும், அரங்கிலே மற்றைய வித்துவான்களோடு ஒப்ப மரியாதை வேண்டி நின்றதும் தம்மொருவர் பொருட்டன்று, தம் மரபினர் அனைவர் பொருட்டுமேயாம். யாழ்ப்பாணமோ, வித்துவானுக்கு வீதியிலே பொன்னாடை போர்த்திற்று. வீட்டிலே சரியாசனங் கொடுக்கத் தயங்கிற்று. அவதாரம் என்னும் புகழுரை இத்தயக்கத்துக்கு வசதியான திரையாயிற்று. ஒருவரைத் தேவராக்கிவிட்டால் அவருடைய சுற்றத்தாரை மனிதராக மதிக்க வேண்டிய கடமையிலிருந்து தப்பிவிடலாமன்றோ?

தட்சிணாமூர்த்தி 1975 இல், நாற்பத்திரண்டு ஆண்டு நிரம்புமுன்னரே மறைந்தார். அதன்பின் வந்த போர், மரபின் நிலத்தையே குலைத்தது. 1990 இலே வலிகாமம் வடக்கு மக்கள் ஊரை விட்டு நீங்கினர். 1995 ஒக்ரோபர் இறுதியிலே வலிகாமம் முழுவதும் இடம்பெயர்ந்தது. மேளம் ஒலித்த வீதிகள் பல நெடுங்காலம் புதர்மூடிக் கிடந்தன. ஆயினும் மரபு இறக்கவில்லை. இலண்டன், பாரிஸ், சூரிச், ரொறன்ரோ நகரங்களிலே எழுந்த கோயில்களின் திருவிழாக்களுக்கு யாழ்ப்பாணத்து மேளகாரர் விமானமேறிச் செல்கின்றனர். காவிரியிலிருந்து பாய்க்கப்பலில் வந்த இசை மீண்டுமொரு கடலைக் கடந்துள்ளது. அங்கே பிறந்த பிள்ளைகளும் தவிலின் முன் அமர்ந்து பயில்கின்றனர்.

அப்பிள்ளைகளுக்கு நாம் எதனைக் கொடுக்கப் போகின்றோம்? ஒரு மேதையின் படத்தையும் சில அதிசயக் கதைகளையும் மட்டுமே கொடுப்போமாயின், அவர்கள் வியப்பர், வளரார். எவரிடம் எவர் பயின்றார், எவ்வூரில் எத்தகைய சொற்கட்டு வழங்கிற்று, எச்சமாவில் எது புதிதாகத் தோன்றிற்று என்பனவற்றை முதிய வித்துவான்கள் வாழும்பொழுதே கேட்டுப் பதிவுசெய்தல் வேண்டும். ஓரிரவிற் பத்துத் தவில்கள் ஒலித்த வீதியிலே, ஒருவர் பெயரை மாத்திரம் நினைவில் வைத்து ஒன்பதின்மரை மறத்தல் அந்த ஒருவருக்கும் பெருமையாகாது. இதனைச் செய்தற்குப் பெரும்பொருள் வேண்டியதில்லை; ஓர் ஏடும், ஓர் ஒலிப்பதிவுக் கருவியும், கேட்கும் பணிவும் உடைய மாணவர் சிலரே போதும். தண்ணுமையாசிரியனுக்கும் தம் காப்பியத்தில் இடங்கொடுத்தார் சேரமுனிவர். அம் மொழியைப் பேசுவோர்க்கு அக்கடமை புதியதன்று.