மாங்கொட்டையைத் தோண்டுவது: 'லவ் டுடே' பற்றி ஒரு தாமதமான குறிப்பு

சாமல்பட்டிப் பக்கம் மாந்தோப்புகளுக்கு நடுவே வளர்ந்தவர்களுக்கு 'லவ் டுடே' படத்தின் தொடக்கம் உடனே ஒட்டிக்கொள்ளும். ஒரு சின்னப் பையன் மாங்கொட்டையை மண்ணில் புதைக்கிறான். முளைச்சிருக்கான்னு அடிக்கடி தோண்டிப் பார்க்கிறான். தோண்டிக்கிட்டே இருந்தா எப்படி முளைக்கும், நம்பிக்கை வேணும் என்பது அம்மாவின் பாடம். படத்தின் கடைசியில் அந்தக் கொட்டை செடியாகி நிற்கிறது. நடுவில் நடப்பதெல்லாம் இந்தக் கொட்டைக்கு எழுதிய உரைதான்.

பிரதீப் ரங்கநாதன் இயக்கி நடித்து 2022 நவம்பர் 4-ல் வந்த படம். அவரே முன்பு எடுத்த ஒரு குறும்படத்தின் விரிவு. 2025-ல் இந்தியில் 'லவ்யாபா' என்று மறுபடி எடுத்தார்கள். பெரும்பாலானவர்கள் பார்த்திருப்பீர்கள். பார்க்காதவர்களுக்கு: பிரதீப்பும் நிகிதாவும் காதலிக்கிறார்கள். நிகிதாவின் அப்பா (சத்யராஜ்) ஒரு நிபந்தனை போடுகிறார். இருவரும் ஒரு நாள் போனை மாற்றி வைத்துக்கொள்ள வேண்டும். அதற்குப் பிறகும் கல்யாணம் வேணும்னா பார்க்கலாம். (இனிமேல் முழுக்கதையும் வருகிறது.)

இந்த ஐடியா உலகத்துக்குப் புதுசு இல்லை. 2016-ல் பாவ்லோ ஜெனோவேசே எடுத்த இத்தாலியப் படம் 'பெர்ஃபெக்ட் ஸ்ட்ரேஞ்சர்ஸ்', ஏழு நண்பர்கள் சாப்பாட்டு மேசையில் போன்களைத் திறந்து வைப்பதைப் பற்றியது. அதிக முறை மறுபடி எடுக்கப்பட்ட படம் என்று கின்னஸில் ஏறியது. நமக்குப் பக்கத்திலேயே கன்னடத்தில் 2018-ல் 'லவுட்ஸ்பீக்கர்' என்று வந்தது. ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. இத்தாலியப் படத்தில் அது நண்பர்களே இழுத்துவிட்டுக்கொள்ளும் விளையாட்டு. தமிழில் அது ஒரு அப்பா வைக்கும் பரீட்சை. இது நம்ம ஊருக்கு ரொம்பப் பொருத்தம். இங்கே போனைத் திறந்து காட்டச் சொல்வது பெரும்பாலும் வீட்டுப் பெரியவங்கதான்.

முதல் தடவை தியேட்டரில் விழுந்து விழுந்து சிரித்தேன். சமீபத்தில் மறுபடி பார்த்தபோது ஒரு விஷயம் உறுத்தியது. படம் 'நம்பிக்கை' என்ற ஒரே சாக்குப்பையில் மூன்று வேறு வேறு பொருட்களைப் போட்டுக் கட்டிவிடுகிறது.

முதலாவது, நிகிதாவின் போனில் இருப்பது. பழைய காதலன் 'மாமாகுட்டி'யோடு பேசியது, மற்ற ஆண் நண்பர்களோடு பேசியது. இது அவளுடைய அந்தரங்கம். சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை. அதிகபட்சம் ஒரு வருத்தம்.

இரண்டாவது, பிரதீப் பக்கம் இருப்பது. பெண்களுக்கு ஆபாசமாகச் செய்தி அனுப்பப் பயன்பட்ட போலிக் கணக்கு. இதில் மூன்றாவது ஆள் ஒருத்தி பாதிக்கப்படுகிறாள். இதை அந்தரங்கம்னு சொல்ல முடியாது. இது குற்றம்.

மூன்றாவது, பிரதீப்பின் அக்காவைக் கட்டிக்கொள்ளப்போகும் யோகி (யோகி பாபு). போனை யாரிடமும் தர மாட்டேன் என்கிறார். சந்தேகம் முற்றுகிறது. கடைசியில் பார்த்தால் தன் உடம்பை வைத்து மற்றவர்கள் அடித்த கிண்டல்கள்தான் உள்ளே இருக்கின்றன. அவர் மறைத்தது ஒரு காயத்தை. படத்தில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான்.

இந்த மூன்றுக்கும் ஒரே மருந்து 'நம்பு' என்றால் எப்படி? திரைக்கதை இரண்டு போன்களையும் தராசில் வைத்து, நீயும் மறைச்ச, நானும் மறைச்சேன், சரியாப்போச்சு என்கிற மாதிரி கணக்கை முடிக்கிறது. பிறகு நிகிதாவின் முகத்தை ஒட்டிய போலி வீடியோ ஒன்று பரவும்போது, பிரதீப் ஆதாரம் கேட்காமல் அவளை நம்புகிறான். நல்ல காட்சிதான். டீப்ஃபேக் பற்றி நம்ம நாட்டில் பெரிய பேச்சு எழுந்தது ஒரு வருடம் கழித்து, 2023 நவம்பரில், ராஷ்மிகா மந்தனாவின் போலி வீடியோ பரவியபோது. அந்த வகையில் படம் முந்திக்கொண்டது. ஆனால் அவளுக்கு நேர்ந்த அநியாயம் அவனுக்குப் பாவமன்னிப்பாகிவிடுகிறது. அந்த ஆபாசச் செய்தியை வாங்கிய பெண்ணின் கணக்கு அப்படியே நிற்கிறது.

"போன் மாத்தலைன்னா அந்த போலி ஐடி விஷயம் தெரிஞ்சிருக்குமா?" என்று ஒரு நண்பர் கேட்டார். நியாயமான கேள்வி. தெரிஞ்சிருக்காது. தோண்டினால் சில நேரம் தெரியவேண்டியது தெரியும். ஆனால் தோண்டி எடுத்தது மேற்சொன்ன மூன்றில் எது என்பதைப் போன் சொல்லாது.

இருபது வருஷமா லாக் ஃபைல் படித்துச் சாப்பிடுகிறவன் என்ற முறையில் ஒன்று சொல்லலாம். சிவப்பில் ஒரு எரர் வரியைப் பார்த்துவிட்டு சர்வர் போச்சுன்னு கத்துகிறவன் புதுப்பையன். அந்த வரிக்கு முன்னால் என்ன நடந்தது, யார் என்ன கேட்டார்கள் என்று தெரியாமல் லாகுக்கு அர்த்தம் கிடையாது. வாட்ஸ்அப் உரையாடலும் ஒரு லாக்தான். குரல் இல்லை, முகம் இல்லை. இன்னொரு சிக்கல், அதற்கு வயசே ஆகாது. டிரங்குப் பெட்டியில் கிடந்த கடிதம் மஞ்சளாகும், மை மங்கும்; பழசுன்னு கையில் எடுத்தவுடன் தெரியும். நாலு வருஷத்துக்கு முந்தைய 'மிஸ் யூ'வும் இன்று காலை வந்த 'மிஸ் யூ'வும் திரையில் ஒரே எழுத்து, ஒரே வெள்ளை.

இன்னொன்று, மாற்றிக்கொள்வது என்பதே சினிமாவில்தான் சமமாக நடக்கும். 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, 15 முதல் 49 வயதுப் பெண்களில் தாங்களே பயன்படுத்தும் கைபேசி வைத்திருப்பவர்கள் இந்திய அளவில் சுமார் 54 சதவீதம். தமிழ்நாட்டில் சுமார் 75. ஓசூர்ப் பக்கம் கம்பெனிகளில் வேலை பார்த்து ஹாஸ்டலில் தங்கும் பெண்ணுக்கு, பூட்டுப் போட முடிகிற ஒரே அறை அந்தப் போன்தான். ஊருக்கு வரும்போது "போனைக் குடு பாக்கலாம்" என்கிற அண்ணன், தன் போனைப் பதிலுக்கு நீட்டுவானா?

நீதிமன்றங்களும் இதில் தடுமாறித்தான் போகின்றன. 2017-ல் ஒன்பது நீதிபதிகள் அமர்வு அந்தரங்கம் அடிப்படை உரிமை என்றது. 2024 அக்டோபரில், மனைவியின் அழைப்புப் பட்டியலை அவருக்குத் தெரியாமல் எடுத்துவந்த கணவனின் வழக்கில், கணவன் மனைவிக்கு இடையிலும் அந்தரங்கம் உண்டு, இது சாட்சியமாகாது என்றது உயர் நீதிமன்ற மதுரைக் கிளை. 2025 ஜூலையில், மனைவியின் பேச்சைக் கணவன் ரகசியமாகப் பதிவு செய்த பஞ்சாப் வழக்கில், அதைச் சாட்சியமாக ஏற்கலாம் என்றது உச்ச நீதிமன்றம். வேவு பார்க்கும் அளவுக்குப் போய்விட்டால் அந்த உறவு ஏற்கெனவே உடைந்ததற்கு அதுவே அறிகுறி என்பது அதன் வாதங்களில் ஒன்று. சட்டம் வந்து சேருவது பேச்சு முடிந்த பிறகு. 'லவ் டுடே'யின் அப்பா பேச்சு தொடங்குவதற்கு முன்பே வீட்டைக் கோர்ட்டாக்குகிறார். அந்த ஒரு நாளில் இருவரும் நிறையக் கேள்வி கேட்கிறார்கள், ஆனால் எல்லாம் குறுக்கு விசாரணை. "ஏன் எங்கிட்ட சொல்லத் தோணலை?" என்று நிதானமாகக் கேட்க, பதிலுக்குக் காத்திருக்க, நேரம் ஒதுக்கப்படவே இல்லை.

திரும்ப மாங்கொட்டைக்கு வருவோம். எங்க பக்கம் தோப்பு வைக்கிறவங்க கொட்டையைப் புதைச்சிட்டு நம்பிக்கையோடு உட்காருவதில்லை. சந்தூர் நர்சரிகளில் ஒட்டுக்கன்று வாங்குவார்கள். ஒட்டு கட்டினவர் கட்டைப் பிரிச்சுப் பிரிச்சுப் பார்ப்பதில்லை. ஆனால் தினமும் போய் நிற்பார்: தளிர் விடுதா, இலை வாடுதா, தண்ணி போதுமா. தோண்டாமல் பார்ப்பது என்று ஒன்று இருக்கிறது. படம் அதை விட்டுவிட்டது.

என் போன் பாஸ்வேர்டு என் மனைவிக்குத் தெரியும். எங்களுக்குள்ள ஒளிவுமறைவே இல்லைன்னு அதைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தவன் நான். இந்தத் தடவை படம் முடிந்ததும் அவரிடம் சொன்னேன். "பாஸ்வேர்டைக் குடுத்தீங்க, சரி. ஆபீஸ்ல என்ன பிரச்சனைன்னு எப்ப சொன்னீங்க?" என்றார். பதில் சொல்ல ராத்திரி பன்னிரண்டு மணி ஆகிவிட்டது.