மெய்ரிக்கின் கைலென்ஸ்

எட்வர்ட் மெய்ரிக் இங்கிலாந்தின் மார்ல்பரோவில் பள்ளிக்கூட வாத்தியார். 14,000-க்கும் மேற்பட்ட அந்துப்பூச்சி இனங்களுக்குப் பெயர் வைத்தவர். பெரும்பாலும் விரல்நகத்தைவிடச் சின்னவை. 1912 முதல் அவர் வெளியிட்ட 'எக்ஸாடிக் மைக்ரோலெபிடாப்டெரா'வை நான் உரைநடையாகத்தான் வாசிக்கிறேன். சிறகின் நிறம், புள்ளி, பிடிபட்ட ஊர். அவ்வளவுதான். படம்கூடக் கிடையாது. அந்தச் சிக்கனம் எனக்குப் பிடிக்கும், ஆனா அதுக்குள்ள ஒரு பிடிவாதமும் இருக்கு. இனப்பெருக்க உறுப்பை அறுத்துப் பார்த்தால்தான் ஒரே மாதிரி இருக்கும் இரண்டு சாம்பல் பூச்சிகளைப் பிரிக்க முடியும் என்று மற்றவர்கள் சொன்னபோதும் அவர் கைலென்ஸை விடவில்லை.

1917-இல், பெரு நாட்டின் ஹுவான்காயோவில் பிடித்த ஒரு பூச்சிக்கு ஃப்தோரிமேயா அப்சொலூட்டா என்று பெயரிட்டார். பின்னால் வந்தவர்கள் அதைப் பேரினம் பேரினமாக மாற்றினார்கள், 1994-இல் டூட்டா. 2021-இல் மறுபடி ஃப்தோரிமேயாவே. எங்கள் ஆபீஸ் பாஷையில் 'ரிவர்ட்'. இதை மெய்ரிக்கின் வெற்றி என்று சொல்ல எனக்கு மனசு வரல. அவர் ஒதுக்கிய உறுப்புகளையும் சேர்த்து, உடலமைப்பை அக்குவேறு ஆணிவேறாக ஒப்பிட்டுத்தான் அந்த இடத்துக்குத் திரும்பினார்கள். தவிர, அவர் கையில் இருந்தது சிறகு முளைத்த பூச்சி மட்டும். தக்காளி இலைக்குள் சுரங்கம் போடும் அதன் புழு, 2014-இல் இந்தியா வந்து இன்று நம் விவசாயிகள் ஊசிப்புழு என்று திட்டும் அந்தப் புழு, அவர் பக்கத்தில் இல்லவே இல்லை.