ஜெஃப் பெக்கின் கைவண்ணமும் ரசிகர்களின் போற்றுதலும்

எரிக் கிளாப்டன், ஜெஃப் பெக், ஜிம்மி பேஜ் ஆகிய மூவரும் 1960-களில் ‘யார்ட்பேர்ட்ஸ்’ என்னும் ஆங்கிலேய ராக் குழுவில் கிட்டார் வாசித்துப் பெயர் பெற்றவர்கள். மற்ற இருவரும் தாம் ஆக்கிய பாடல்களால் மக்கள் நினைவில் நிற்க, 1944-இல் வாலிங்டனில் பிறந்து 2023 ஜனவரியில் 78 வயதில் மறைந்த பெக், ஒரு வாசிப்பு முறையால் மட்டுமே நினைக்கப்படுகிறார். அவரைக் கிட்டார் கலைஞர்களுக்கெல்லாம் ஆசான் என்று கொண்டாடும் ரசிகர் மரபு அரை நூற்றாண்டுக்கும் மேலாக நிலைத்திருக்கிறது. அம்மரபு அவருடைய கையை மிகச் சரியாக அளந்திருக்கிறது. அவருடைய இசை வாழ்வை அளக்கும்போதுதான் தடுமாறுகிறது.

கையைப் பற்றிய மதிப்பீட்டில் மிகை எதுவும் இல்லை. மின்கிட்டார் வாசிப்போரில் பெரும்பாலோர் ‘பிக்’ எனப்படும் சிறு பிளாஸ்டிக் தகட்டால் தந்திகளை மீட்டுகையில், பெக் 1980-களில் அதை ஏறக்குறைய முற்றாகக் கைவிட்டுக் கட்டை விரலாலும் பிற விரல்களாலும் நேரடியாக மீட்டத் தொடங்கினார். அவர் விரும்பி வாசித்த ஃபெண்டர் ஸ்ட்ராட்டோகாஸ்டரில் ஒலியளவுக் குமிழ் தந்திகளுக்கு மிக அருகில் இருப்பதால், ஒலியை முழுதும் தணித்துத் தந்தியை மீட்டிய மறுகணமே சுண்டு விரலால் குமிழைத் திருப்பி உயர்த்த அவரால் முடிந்தது. அவ்வாறு செய்கையில் மீட்டலின் அடியோசை காதில் விழாமல், சுரம் மட்டும் மனிதக் குரலைப் போல மெல்ல மலர்ந்து எழுகிறது. அதே கை, தந்திகளின் இழுவிசையை ஒருசேரத் தளர்த்தவும் இறுக்கவும் உதவும் நெம்புகோலையும் பற்றியிருக்கும். ‘ட்ரெமலோ கம்பி’ எனப்படும் இந்நெம்புகோலைப் பலரும் அதிர்வுக்காகவோ ஆரவாரத்துக்காகவோ பயன்படுத்த, பெக் சுரத்திலிருந்து சுரத்துக்கு வழுக்கிச் செல்லும் கமகத்துக்குரிய கருவியாக அதை மாற்றினார். 1989-இல் வந்த ‘கிட்டார் ஷாப்’ இசைத்தொகுப்பின் ‘வேர் வேர் யூ’ என்ற படைப்பில், தந்தியை அழுத்தாமல் தொட்டெடுக்கும் இணைச்சுரங்களை இக்கம்பியால் வளைத்தே மெட்டு முழுவதையும் அவர் பாட வைக்கிறார். பல்கேரியப் பெண்களின் கூட்டுப்பாடலைக் கேட்ட ஊக்கத்தில் பிறந்த படைப்பு அது. கம்பி இம்மி அளவு பிசகினாலும் சுரம் தவறிவிடும் இடங்களில் அவர் காட்டும் துல்லியத்தை விளக்க, திறமை என்ற சொல் போதாது.

குரலைக் கருவியில் தேடும் இந்த நாட்டம் பிற்காலத்தில் திடீரென வந்ததன்று. 1965-இல் யார்ட்பேர்ட்ஸ் குழு ‘ஹார்ட் ஃபுல் ஆஃப் சோல்’ பாடலுக்குச் சிதார் கலைஞர் ஒருவரை வரவழைத்து முயன்றும் எண்ணிய விளைவு கிட்டாதபோது, ஒலியைக் கரகரப்பாக்கும் ‘ஃபஸ்’ கருவியின் துணையோடு பெக் தமது கிட்டாரிலேயே அந்தச் சாயலைக் கொண்டுவந்தார். 2001-இல் இசையமைப்பாளர் நிதின் சாஹ்னியின் ‘நாடியா’ பாடலை எடுத்து, இந்தியப் பெண்குரல் பாடிய நெளிவுகளைக் கிட்டாரில் பின்தொடர்ந்ததும் அதே நாட்டத்தின் தொடர்ச்சியே. ஒற்றைச் சுரத்தின் பிறப்பையும் வளைவையும் மறைவையும் கூர்ந்து கேட்கத் தம் ரசிகர்களைப் பழக்கியது பெக்கின் பெருங்கொடை. வேகத்தையே ஆற்றலாக எண்ணும் கிட்டார் உலகில் இப்பயிற்சி மிக அரிது.

ஆனால் ஒலியின்மேல் கொண்ட இந்தப் பற்று, அந்த ஒலி ஏறி நின்ற மெட்டுகளை ஆக்கியவர்களை இருளில் தள்ளிவிட்டது. பீட்டில்ஸ் குழுவின் தயாரிப்பாளர் ஜார்ஜ் மார்ட்டின் உருவாக்கித் தந்து, 1975-இல் அமெரிக்கப் பட்டியலில் நான்காம் இடம்வரை சென்ற ‘ப்ளோ பை ப்ளோ’ இசைத்தொகுப்பில் ரசிகர்கள் உருகிப் போற்றும் ‘காஸ் வீவ் எண்டட் அஸ் லவ்வர்ஸ்’ ஸ்டீவி வொண்டரின் மெட்டு. அடுத்த ஆண்டு வந்த ‘வயர்ட்’ தொகுப்பின் எட்டுப் படைப்புகளில் ஒன்றுகூடப் பெக் ஆக்கியதன்று: நான்கு நாரதா மைக்கேல் வால்டனுடையவை, ஏனையவை மாக்ஸ் மிடில்டன், யான் ஹாமர், சார்லஸ் மிங்கஸ் முதலியோருடையவை. பிறர் ஆக்கியதை வாசிப்பதில் இழுக்கு ஏதுமில்லை. கர்நாடக இசையரங்கில் அதுவே மரபு. ஆனால் அங்கே ஆக்கியவர் பெயரைச் சொல்லிப் பாடும் வழக்கம் உண்டு. பெக்கின் ரசிகர்களோ முழுப் படைப்பையும் அவர் கணக்கிலேயே எழுதிவிடுகிறார்கள்.

இதைவிடப் பெரிய குறை, அவருடைய தடுமாற்றங்களைக் கொள்கைகளாக விளக்கும் போக்கு. ராட் ஸ்டூவர்ட்டின் குரலும் ரானி வுட்டின் பேஸ் கிட்டாரும் சேர்ந்த ‘ஜெஃப் பெக் குழு’ 1968-இல் ‘ட்ரூத்’ என்னும் வலிய இசைத்தட்டைத் தந்தது. சில மாதங்களில் வந்த, ஜிம்மி பேஜ் தொடங்கிய லெட் ஸெப்பலின் குழுவின் முதல் தட்டும் ஏறக்குறைய அதே பாதையில் நடந்தது. ‘யூ ஷுக் மீ’ என்ற பழைய புளூஸ் பாடல் இரண்டிலும் இடம்பெற்றது. ஸெப்பலின் 1980 வரை கட்டுக்குலையாமல் நிற்க, பெக்கின் குழு 1969-இல் வுட்ஸ்டாக் இசை விழாவுக்குச் சற்று முன்பே கலைந்தது. வணிகத்துக்கு வளையாத சுதந்திர மனம் என்று இதைப் போற்றுவோர், சந்தையை நோக்கியே வடிவமைக்கப்பட்ட 1985-இன் ‘ஃப்ளாஷ்’ தொகுப்பைப் பேசாமல் கடந்துபோகிறார்கள். தலைமை ஏற்று ஒரு குழுவைக் காக்கும் பொறுமை அவரிடம் குறைவாக இருந்தது என்பதே நேர்மையான விளக்கம். அதை ஒப்புக்கொள்வதால் ‘வேர் வேர் யூ’வின் ஒரு சுரம்கூட மங்கிவிடாது.

பெக் வாங்கிய எட்டு கிராமி விருதுகளும், 2009-இல் ராக் புகழ்மண்டபத்தில் தனிக் கலைஞராகக் கிடைத்த இடமும் அவருக்குரியவையே. அவற்றைக் காக்க எந்தப் புராணமும் வேண்டியதில்லை. இனி ‘வயர்ட்’ கேட்போர் அந்த ஒலியில் முழுமையாகத் தோயட்டும். கூடவே இசைத்தட்டின் உறையைத் திருப்பி வால்டன், மிடில்டன், ஹாமர் ஆகியோரின் பெயர்களையும் படித்து, அவர்கள் தனியே ஆக்கிய இசையையும் தேடிக் கேட்கட்டும்.